இடது பக்கம் கொஞ்சம் கம்மி

மார்ச் 4, 2025, செவ்வாய்

காலை ஷிப்ட் முடிந்து வந்து, குளித்துவிட்டு, கோகிலனின் பாட்டை மறுபடியும் திறந்தேன். ஈஜோக்கில் உருமி மேளக் குழு வைத்திருக்கிறான். உருமியையும் டெக்னோவையும் கலந்து, குழு மேடை ஏறும்போது போட ஒரு பாட்டு வேண்டுமாம். செய்து கொடுத்தேன். கேட்டுவிட்டு அவன் சொன்னது ஒரே வார்த்தை: "பத்தல."

ஏற்றிக் கொடுத்தேன். அப்போதும் பத்தவில்லை.

அவன் பாட்டைச் சோதிக்கும் இடம் அவனுடைய மைவி காடி. பின்பக்கம் முழுக்க ஸ்பீக்கர் பெட்டி, ஒரு பை அரிசி வைக்க இடம் கிடையாது. கண்ணாடி அதிர்ந்தால் நல்ல பாட்டு. நம்பர் பிளேட்டும் சேர்ந்து அதிர்ந்தால் மிக நல்ல பாட்டு. இசைக்கு ஏற்ற இறக்கம் வேண்டும், எப்போதும் கத்துகிறவன் கத்தினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்றெல்லாம் பொறுமையாக விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, "கரெக்டுதாண்ணே, ஆனா பத்தல லா" என்றான்.

கடைசியில் லிமிட்டரை இறுக்கினேன். லிமிட்டர் அந்தக் காலத்துத் தோட்டத்து மண்டோர், அதாவது கங்காணி மாதிரி. எவன் தலை தூக்கினாலும் ஒரு தட்டு. எல்லாத் தலையும் ஒரே மட்டத்துக்கு வந்த பிறகு, மொத்தக் கூட்டத்தையும் கூரை இடிக்கும்வரை உயர்த்தலாம். சத்தம் கொட்டும், உயிர் இருக்காது. கோகிலனுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

மார்ச் 9, ஞாயிறு

கோலாலம்பூரிலிருந்து தனேஸ்வரி என்பவர் எழுதியிருக்கிறார். இந்நாட்டுத் தமிழர்கள் செய்யும் எலக்ட்ரானிக் பாட்டுகளைத் திரட்டி இணையத்தில் ஒரு தொகுப்பு போடுகிறாராம். என்னுடைய பழைய வேலைகளைக் கேட்டிருக்கிறார். மே மாதக் கடைசிக்குள் ஒரு பாட்டு தர முடியுமா என்கிறார். முடியுமாவா!

'வற்றம்' போகும். என் மனைவி செலீனா பாடியது. சுங்கை செம்பிலாங்கில் கடல் வற்றிப்போய், படகெல்லாம் சேற்றில் சாய்ந்து கிடக்கும் நேரத்தைப் பற்றிய பாட்டு. கோல சிலாங்கூர் என்றாலே மின்மினிப் பூச்சி என்று ஆகிவிட்டது. மின்மினி இல்லாமல் ஒரு பாட்டாவது இந்தப் பக்கத்திலிருந்து போகட்டும்.

செலீனா கல்யாணத்துக்கு முன்பிருந்தே மாதா கோயில் பாடற்குழுவில் பாடுகிறாள். ஆனால் கூட்டத்தில் ஒரு குரல். அவள் பெயர் போட்டு ஒரு வரிகூட வெளியே வந்ததில்லை. செய்தியைச் சொன்னதும், "என் பேரு போடுவாங்களா?" என்று கேட்டாள். போடுவார்கள் என்றேன். எழுந்து போய் மீன் கழுவினாள். பாடிக்கொண்டே கழுவினாள்.

எனக்கும் ஆசைதான், மறைப்பானேன். செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் முன்னால் நிற்கிற பெர்னாட்டை யாருக்கும் தெரிய வேண்டாம். இந்தப் பெர்னாட்டைத் தெரிய வேண்டும்.

மார்ச் 15, சனி

குரலைப் போன மாதமே பின்னறையில் பதிந்தாயிற்று. அந்தி நேரம், காற்றாடியை நிறுத்தி, வேகாமல் இருக்க சன்னலைத் திறந்து வைத்து. நன்றாகவே வந்திருக்கிறது. இனி ஒலிகளைக் கலக்குவதும் மாஸ்டரிங் என்கிற மெருகு போடுவதும் என் வேலை.

வேலை தொடங்கிய அன்றே இடது ஸ்பீக்கர் மக்கர் செய்கிறது. வலது பக்கம் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. இடது பக்கம் கம்பளி போர்த்திக்கொண்டு பாடுவது போல் இருக்கிறது. வயர் போயிருக்கும், மாற்ற வேண்டும். அதுவரைக்கும் இடது பக்கத்து உச்ச ஒலிகளைக் கொஞ்சம் தூக்கி விட்டிருக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

புது வயர் போட்டேன். அதே கதை. இப்போதெல்லாம் எதிலும் தரமில்லை.

மார்ச் 23, ஞாயிறு

பூசை முடிந்து வந்து, பசியாறிய கையோடு செலீனாவை உட்கார வைத்து 'வற்றம்' போட்டுக் காட்டினேன். முதல் சரணத்திலேயே இடது காதைப் பொத்திக்கொண்டாள். குத்துகிறதாம். 'ஸ' வரும் இடமெல்லாம் ஊசியாம். தன் குரல் தன் குரலாகவே இல்லை, தகரத்தைத் தட்டுவது போல் இருக்கிறதாம்.

அத்தோடு விட்டாளா? "ரெண்டாவது சரணத்துல பூச்சி கத்துற மாதிரி கிர்ருனு ஒன்னு வருதுங்க. அத எடுத்துருங்க."

பூச்சி! அது ஹை-ஹாட். தாளத் தட்டின் அந்தச் சின்ன ஓசையை இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து இழைத்திருக்கிறேன். அதைப் பூச்சி என்கிறாள். பாடற்குழுவில் ஆர்மோனியம் கேட்டுப் பழகிய காது, வேறென்ன சொல்ல? எடுக்க முடியாது என்றேன். சரி என்று எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 29, சனி

ராசா ஊரில் செலீனாவின் அக்கா வீட்டு விசேஷம். நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து வழிநெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். வீட்டில் ஒலிபெருக்கி, காடியில் ஊமை. வாயைத் திறந்து பேசினால் என்ன என்று கேட்டேன். பத்தாங் காலி தாண்டி ராசா போய்ச் சேரும்வரை மூச்சு விடவில்லை. அந்த அமைதியை மட்டும் நன்றாகக் கேட்க முடிந்தது.

ஏப்ரல் 9, புதன்

ஆலைக்குக் காது பரிசோதனை வேன் வந்தது. வருடத்துக்கு ஒரு தடவை வரும். பாய்லர்காரர்கள் எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும் என்று உத்தரவு.

எங்களுக்குக் காதடைப்பு கொடுத்திருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு ஜோடி. ஆனால் பாய்லர் பக்கம் யாரும் இரண்டையும் போடுவதில்லை. வலது காதுக்கு ஒன்று, அவ்வளவுதான். இடது தோளில் வாக்கி-டாக்கி இருக்கிறது, இடது பக்கம் பம்ப் இருக்கிறது. பம்பின் சத்தம் மாறினால் காதுதான் முதலில் சொல்லும், மீட்டர் பிறகுதான் சொல்லும். அதனால் இடது காது திறந்தே இருக்கும். கூட வேலை செய்யும் ரவீந்திரன் இதில் கில்லாடி. மீதி அடைப்பை முண்டாசில் செருகிக்கொண்டு திரிவார், பூ வைத்தது போல.

வேனுக்குள் ஒரு பெட்டி மாதிரி அறை. சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். அந்தப் பையன் பாவம், காலையிலிருந்து இதே வேலை, கை தன்னால் ஓடுகிறது. ஒரே சீராகச் சத்தம் விட்டான். எனக்கு ஆரம்பத்திலேயே தாளம் பிடிபட்டுவிட்டது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு தாளத்துக்கு அமுக்கினேன். கேட்கிறதா இல்லையா என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "நல்ல காதுண்ணே" என்றான். இசைக் கலைஞன் தம்பி என்றேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

கோகிலன் போன் செய்து குதிக்கிறான். அவனுடைய உருமிப் பாட்டை இணையத்தில் ஏற்றினானாம். மற்றவர்கள் பாட்டெல்லாம் கணீரென்று வருகிறதாம், அவனுடையது மட்டும் சுருங்கிப்போய் வருகிறதாம். யாரோ பொறாமையில் குறைத்துவிட்டார்களாம்.

யாரும் குறைக்கவில்லை, அந்தத் தளமே குறைக்கும் என்று சொன்னேன். எவன் கத்துகிறானோ அவன் தலையில் ஒரு அமுக்கு அமுக்கி, எல்லாரையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடும். ஏற்கனவே நசுக்கின பாட்டு அங்கே போனால் சத்தமும் இருக்காது, உயிரும் இருக்காது. அடக்கமாகப் போனவன் அங்கே நிமிர்ந்து நிற்பான். "அப்ப நீங்க ஏன்ணே அத முன்னாடியே சொல்லல?" என்றான். சொன்னேன். காடிக் கண்ணாடி அதிரும்போது அவனுக்குக் கேட்டிருக்காது.

போனை வைத்துவிட்டு 'வற்றம்' பாட்டில் லிமிட்டரை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். ஊருக்குத்தான் உபதேசம்.

ஏப்ரல் 18, புனித வெள்ளி

கோயிலில் மணி கிடையாது, இசை கிடையாது. சிலுவைப் பாதை முடிந்து அத்தனை பேரும் அமைதியாக இருந்த நேரத்தில் 'கீ...' என்று ஒரு மெல்லிய ஊளை. கோயிலின் ஆம்ப் பழசு, எர்த் சரியில்லை. சும்மா இருக்க முடியுமா? முட்டி போட்டிருந்தவன் எழுந்து, குனிந்தபடி போய் ஆம்ப்பை அணைத்தேன்.

அப்போதும் கேட்டது. பிளக்கையே பிடுங்கினேன். அப்போதும் கேட்டது. சாமியார் பேச வந்து மைக்கைத் தட்டிப் பார்த்தார். பிளக் என் கையில்.

வீட்டுக்கு வந்த பிறகும் செலீனா சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இருந்தாள். உனக்குக் கேட்கவில்லையா என்றேன். என்ன கேட்கவில்லையா என்றாள்.

ஏப்ரல் 26, சனி

தனேஸ்வரிக்கு அனுப்பிய மாதிரிக்குப் பதில் வந்துவிட்டது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். குரல் அருமை. ஆனால் பாட்டு ரொம்ப நசுங்கியிருக்கிறது, மூச்சு விட இடமில்லை. இடது பக்கம் மேல் ஒலிகள் காதைக் குத்துகின்றன. "லிமிட்டரை எடுத்துவிட்டு, மேலே கொஞ்சம் இடம் விட்டு அனுப்புங்கள், மெருகை நாங்கள் போட்டுக்கொள்கிறோம்."

நாங்கள் போட்டுக்கொள்கிறோமாம். கோலாலம்பூரில் இருந்தால் காது பெரிசாகிவிடுமா?

செலீனாவிடம் காட்டினேன், எனக்காகக் கோபப்படுவாள் என்று. படித்துவிட்டுச் சொன்னாள்: "அந்தப் பொண்ணு சொல்றது சரிதாங்க. இப்படியேதான் அனுப்புவீங்கன்னா என் குரல எடுத்துருங்க. எம்பேரும் வேணாம்."

சத்தம் போடாமல்தான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

மே 1, வியாழன்

தொழிலாளர் தினம். தொழில் செய்தேன்.

பிரச்சினை என் காதில் இல்லை, அறையில் இருக்கிறது என்று முடிவுக்கு வந்தேன். இடது பக்கம் செலீனாவின் துணி அலமாரி நிற்கிறது. அத்தனை சேலையும் சத்தத்தைக் குடித்துவிடும். கோகிலனைக் கூப்பிட்டு இரண்டு பேருமாக அலமாரியை இழுத்து ஹாலில் வைத்தோம். கேட்டேன். அதே கம்பளி. இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்றினேன். இடது ஸ்பீக்கர் வலது பக்கம் போனதும் நன்றாகப் பாடுகிறது. நல்ல ஸ்பீக்கர் இடது பக்கம் வந்ததும் படுத்துக்கொள்கிறது. ஆடியோ பெட்டியில் வயர்களைத் துளை மாற்றிச் செருகினேன். புது ஹெட்போனைப் பிரித்தேன். அதிலும் இடது பக்கம் கம்மி! பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கோளாறு. திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஹாலில் வழி மறித்து நின்ற அலமாரியைச் சுற்றிக்கொண்டு போன செலீனா, "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். கோகிலன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

மே 3, சனி

பாய்லரில் கோளாறு தேடுவதற்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொன்றாக மாற்று. எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் கோளாறு அங்கேயே இருந்தால், மாற்றாத ஒன்று எது என்று பார்.

வயர் மாற்றினேன். ஸ்பீக்கர் மாற்றினேன். பெட்டி, ஹெட்போன், அலமாரி. மாற்றாதது இந்த நாற்காலி ஒன்றுதான். பாட்டை ஓட விட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

இப்போது கம்பளி போர்த்தியிருந்தது மற்ற ஸ்பீக்கர். ஒரு நிமிடத்துக்கு முன்னால் பளிச்சென்று பாடியது.

திரும்பி உட்கார்ந்தேன். முதலில் இருந்தது போல் ஆயிற்று. மறுபடி சுவர். மறுபடி மாறியது. இரண்டு ஸ்பீக்கரும் இருந்த இடத்தில் இருக்கின்றன. திரும்பினது நான் ஒருத்தன்தான்.

அப்போ இது — எவ்வளவு நாளா? அந்த வேன்ல உக்காந்து தாளத்துக்கு அமுக்கிட்டு வந்தேனே, அதுல பாதிச் சத்தம் எனக்குக் கேக்கவே இல்லியா? கோயில்ல பிளக்கப் புடுங்கிக் கையில வச்சிட்டு நின்னேனே. அந்த ஊளை கோயில்ல இல்ல. என் தலைக்குள்ள. இப்பவும் இருக்கு.

அவள் குரலைத் தகரமாக்கியது நான். எனக்குக் கேட்காததை எல்லாம் ஏற்றி ஏற்றி, கேட்கிறவர்கள் காதில் ஊசி குத்தியிருக்கிறேன். கோகிலனுக்குப் பத்தவில்லை என்று சிரித்தேனே, எனக்குத்தான் பத்தவில்லை.

பயமாக இருக்கிறது.

மே 4, ஞாயிறு

யாரிடமும் சொல்லவில்லை. ஹெட்போனைத் திருப்பிக் கொடுக்கவும் போகவில்லை.

மே 10, சனி

தஞ்சோங் காராங்கிலிருந்து சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது காடியில் வைத்துச் சொல்லிவிட்டேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இடது காது போய்விட்டது போலிருக்கிறது, அதனால்தான் பாட்டு அப்படி வந்தது என்றேன்.

அவள் ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. என்ன என்றேன். மறுபடி சொன்னாள். மறுபடியும் கேட்கவில்லை. அப்போதுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. நம் காடியில் ஓட்டுகிறவனுக்கு வலது பக்கம் சன்னல், இடது பக்கம் பெண்டாட்டி. இத்தனை நாளும் போன காதின் பக்கத்திலேயே அவளை உட்கார வைத்துப் பேசச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வயல் ஓரமாக நிறுத்தச் சொன்னாள். என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிச் சொன்னாள்: "நான் பேசறது உங்களுக்குப் புடிக்கலன்னு நெனச்சேன். ரெண்டு வருசமா அப்படித்தாங்க நெனச்சிட்டு இருக்கேன். காதுதான் கேக்கலயா?"

ஆமாம் என்றேன். அழுதாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் தோளில் நன்றாக ஒரு குத்து விட்டாள். காது போனதற்கு ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

மே 16, வெள்ளி

மருத்துவமனையில் பரிசோதனை. இங்கே பார்த்த பெண் கெட்டிக்காரி. தாளமே இல்லாமல் சத்தம் விட்டாள். தாளம் பிடிக்க முடியாதவன் எதை அமுக்குவது? கையில் பட்டனை வைத்துக்கொண்டு மணவறையில் தாலி தேடுகிறவன் போல உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. இடது காதில் மேல் ஒலிகள் பெரும்பாலும் போய்விட்டன. வலது காதிலும் உச்சியில் ஆரம்பித்திருக்கிறது. போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம். என்ன வேலை என்று கேட்டார். பாய்லர் என்றேன். வேறு? பாட்டு என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

இனிமேல் கலவை வேலை செய்யலாமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் அது மட்டும் கணீரென்று கேட்டிருக்கும்.

மே 18, ஞாயிறு

தனேஸ்வரிக்கு வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தேன். செலீனா பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள், என் வலது பக்கம். எழுந்து போங்கள் என்பாளோ என்று பார்த்தேன். "எது எதத் திருப்பணும்னு உங்களுக்குத் தெரியும். எது குத்துதுன்னு எனக்குத் தெரியும். அப்புறம் என்னா?" என்றாள்.

முதலில் லிமிட்டரைக் கழற்றினேன். பாட்டு சட்டென்று சின்னதானது. கை துறுதுறுத்தது. "தொடாதீங்க" என்றாள். சத்தம் வேண்டுமென்றால் கேட்கிறவன் கூட்டிக்கொள்வான், அதற்குத்தான் குமிழ் வைத்திருக்கிறான் என்று இவ்வளவு நாள் ஊருக்குச் சொன்னதை எனக்கே சொன்னேன்.

பிறகு இடது பக்கத்து உச்சத்தை இறக்க ஆரம்பித்தேன். அவள் உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்கு, நிமிர்த்தினால் ஏற்று. பாடற்குழு நடத்துகிறவர்களைப் பார்த்துப் பழகிய கை. கவிழ்ந்தே இருந்தது. இறக்கிக்கொண்டே போனேன். எனக்கு இடது பக்கம் இருட்டிக்கொண்டே வந்தது. அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. எதை நம்புவது? முகத்தை நம்பினேன்.

இரண்டாவது சரணம் வந்ததும், "பூச்சி" என்றாள். சரி, உன் இஷ்டம் என்று ஹை-ஹாட்டை முழுக்க அணைத்தேன். "இன்னும் கத்துது" என்றாள். தாளம் எல்லாவற்றையும் அணைத்தேன். அவள் குரல் மட்டும் ஓடியது. "அதோ, கத்துதுங்க."

குரல் பதிவைத் திரையில் விரித்துப் பார்த்தேன். உச்சியில் மெல்லிசாக, விட்டு விட்டு ஒரு கோடு. சன்னலைத் திறந்து வைத்த அந்தியில் வேலியோரம் ஏதோ ஒரு பூச்சி கூடவே பாடியிருக்கிறது. நிஜப் பூச்சி. அவள் ஹை-ஹாட்டைத் திட்டவே இல்லை. லிமிட்டரை இறுக்கியபோது தாழ்ந்து கிடந்ததெல்லாம் மேலே வந்தது. அந்தப் பூச்சியையும் நான்தான் தூக்கி மேடையில் ஏற்றியிருக்கிறேன். இந்தப் பாட்டை என்னை விட அதிகமாகக் கேட்டவன் உலகத்தில் இல்லை. ஒரு தடவைகூட எனக்குக் கேட்கவில்லை.

துடைத்து எடுத்துவிடலாம், திரையில் தெரிகிறது என்றேன். கொஞ்ச நேரம் கேட்டாள். "வேணாம். இப்பத்தான் மெதுவா இருக்கே. இருந்துட்டுப் போவட்டும்."

மே 20, செவ்வாய்

இன்று பாய்லரில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு நின்றேன். வேறு உலகம். பம்பின் போக்கைத் தெரிந்துகொள்ள அடிக்கடி போய் மீட்டரைப் பார்த்தேன், கைப்பிடியைத் தொட்டு அதிர்வைப் பார்த்தேன்.

ரவீந்திரன் தூரத்திலிருந்தே கை காட்டிச் சிரித்தார். பாய்லர் வெடித்தால்கூட உனக்குக் கேட்காது என்று சைகை. வெடித்தால் தெரியும் என்று பதில் சைகை காட்டினேன்.

தேநீர் நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சிரிப்பு இல்லை. "எந்தப் பக்கம்?" என்றார். இடது என்றேன். அவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டுத் தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார். "எனக்கும் கீனு ஒன்னு கேக்கும். ஊட்டு ஐஸ் பெட்டின்னு நெனச்சி, போன வருசந்தான் புதுசு வாங்குனேன்" என்றார். முண்டாசில் இருந்த அடைப்பை எடுத்து, ஊதித் தூசு தட்டிவிட்டுப் போட்டுக்கொண்டார்.

மே 30, வெள்ளி

அனுப்பியாயிற்று. காதைப் பற்றியும் தனேஸ்வரிக்கு இரண்டு வரி எழுதினேன். எழுதாமல் விட்டால் இந்த நல்ல பெயரும் எனக்கே வந்து சேர்ந்துவிடும். கலவை: பெர்னாட், செலீனா என்று போடச் சொன்னேன்.

பதில் சாயங்காலமே வந்தது. அவர் பக்கம் லேசாக மெருகு மட்டும் போடுவாராம், வேறு எதையும் தொடவேண்டியதில்லையாம். அக்காவின் மூச்சு கேட்கிறது என்று எழுதியிருந்தார். செலீனா அதை வாங்கிப் படித்துவிட்டுப் போனைத் திருப்பித் தர வெகுநேரம் ஆயிற்று.

ஜூன் 22, ஞாயிறு

தொகுப்பு வெளியானது. 'வற்றம்' மூன்றாவதாக இருக்கிறது. அவள் பெயர் இருக்கிறது. திரையைப் பெரிதாக்கி எழுத்தெழுத்தாகப் பார்த்தாள், பிழை இருக்குமோ என்று. இல்லை.

கோகிலன் காடியில் போட்டுக் கேட்டுவிட்டு நேரே வீட்டுக்கே வந்தான். வாசலிலேயே "பத்தலண்ணே" என்றான். காடியில் ஒரு குமிழ் இருக்கிறதே, அதைத் திருப்பு என்றேன். திருப்பினானாம். கண்ணாடி அதிரவில்லையாம். பிறகு கொஞ்சம் தலையைச் சொறிந்துவிட்டு, "ஆனா அக்கா பக்கத்து சீட்டுல உக்காந்து பாடற மாதிரியே இருக்குண்ணே. அடிச்சிக்கிட்டிருந்த பின்னாடி ஸ்பீக்கர நானே ஆஃப் பண்ணிட்டேன்" என்றான். உருமிப் பாட்டையும் இந்த மாதிரி மாற்றித் தர வேண்டுமாம். மாஸ்டரிங் செய்கிறவர் உள்ளே மீன் பொரிக்கிறார், அவரைக் கேள் என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

பாட்டுக்குக் கீழே பினாங்கிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டாவது சரணத்தில், குரல் அடங்கும் இடத்தில், பின்னால் ஒரு பூச்சியின் ஓசை வருகிறதே, அதை எப்படிச் செய்தீர்கள், எந்தச் சின்தசைசர், இவ்வளவு நுட்பமாக ஒலி வைக்கிறவர்களின் காதைக் கும்பிட வேண்டும் என்கிறார்.

யோசித்துப் பார்த்து, பதில் போட்டேன்: "நன்றி. அது இயற்கை ஒலிப்பதிவு. வேண்டுமென்றேதான் விட்டு வைத்தோம்."

ஒரு சொல்லும் பொய் இல்லை. செலீனா எட்டிப் பார்த்துவிட்டு, உங்களுக்கெல்லாம் வெட்கமே கிடையாது என்றாள். என் வலது பக்கம் நின்றுதான் சொன்னாள், நன்றாகவே கேட்டது.

ஜூலை 20, ஞாயிறு

மீன் வாங்க சுங்கை செம்பிலாங் போனோம். இப்போதெல்லாம் காடியை செலீனாதான் ஓட்டுகிறாள். நான் இடது பக்கம் உட்காருகிறேன். காடியிலும் அவள் அதிகம் பேசுகிறாள் என்பது இந்த இரண்டு மாதத்தில் தெரிந்துகொண்டது. வழியில் ஜெராம் வருவதற்குள் அவள் அக்கா குடும்பத்தின் மொத்த வரலாறும் முடிந்திருந்தது.

கடல் வற்றிக் கிடந்தது. திரும்பும்போது பாட்டைப் போட்டாள், மெதுவாக. இரண்டாவது சரணம் வந்தது. ஒரு கையால் ஓட்டிக்கொண்டே, மற்றக் கையை என் முட்டியில் வைத்து, ஒரு விரலால் தட்ட ஆரம்பித்தாள். தட்டினாள், விட்டாள், இரண்டு தட்டினாள், நீளமாக விட்டாள். என்ன இது என்று கேட்க வாயெடுத்தபோதுதான் விளங்கியது: எனக்குக் கேட்காத பூச்சி. சரணம் முடியும்வரை தட்டிக்கொண்டே வந்தாள்.

தாளத்தில் இல்லை. ஒன்றிரண்டு தட்டு முந்துகிறது. திரையில் பிடித்து நகர்த்தினால் சரியாகிவிடும் என்று சொன்னேன்.

"தொடாதீங்க" என்றாள்.